இன்னாசிமுத்து வாத்தியார் சொல்லாமல் விட்டது

திருப்பூரில் பாதிரியார்கள் நடத்துகிற எங்கள் ஹைஸ்கூலில் கடைசி பெஞ்சு என்பது ஒரு தனி ராஜ்யம். அதில் இடம் கிடைக்க வேண்டுமென்றால் ஒன்று ஆள் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மார்க் குறைவாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு தகுதியும் இருந்தன. அப்படிப்பட்ட ராஜ்யத்துக்குள் ஒரு வாத்தியார் நுழைந்து, கொஞ்சம் தள்ளி உட்காரு தம்பி என்று எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டால் எங்கள் பாடு எப்படி இருக்கும்? டவுசர் பையில் இருக்கிற ஓணானை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவர் பெயர் இன்னாசிமுத்து. சரித்திரமும் பூகோளமும் எடுப்பவர். ஒல்லி உடம்பு, கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை, மழையே வராத ஊரில் எந்நேரமும் கையில் ஒரு குடை. பாடமில்லாத பீரியடில் மற்ற வாத்தியார்கள் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். இவர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு இன்னொரு வாத்தியாருடைய வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். எல்லா வாத்தியார் வகுப்புக்கும் வரமாட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வகுப்புக்கு மட்டும்தான். இவருக்குப் பாடம் மறந்துபோய்த் திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறார் போலிருக்கிறது என்று நாங்கள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

விஷயம் அதுவல்ல. அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஐம்பத்து மூன்றாம் வருஷம் இந்த ஊருக்கு வந்தார். சேர்ந்த வருஷமே இன்ஸ்பெக்ஷன். அவர் பானிப்பட்டுப் போரை நடத்திக்கொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டர் பாதியில் எழுந்து வந்து, கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு, "நீ உட்கார், நான் நடத்துகிறேன்" என்று பையன்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாராம். இன்னாசிமுத்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'நீ உட்கார்'. இதை அவரே சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கண் மட்டும் சிரிக்காது.

அந்தச் சாக்பீஸ் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அடுத்த வருஷம் புதிதாக ஒரு சயின்ஸ் வாத்தியார் சேர்ந்தார், குமாரவேல் என்று. கை நடுங்கி, சோதனைக்குழாய்களைப் பட்டாசு மாதிரி உடைத்துக்கொண்டிருந்தார். இன்னாசிமுத்து அப்போது ஹெட்மாஸ்டராக இருந்த பெரிய ஃபாதர் சந்தியாகுவிடம் போய், அவர் வகுப்பில் நான் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேட்டார். பெரிய ஃபாதர் சரி என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கடைசி பெஞ்சு வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. பின்னால் உட்காருவதால் பையன்கள் பண்ணுகிற அக்கிரமமெல்லாம் முதலில் அவர் மேலேதான் விழும். ஒருமுறை மை விழுந்தது. யார் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அவருக்கு ஒரு முறை உண்டு. வகுப்பில் வாயைத் திறக்கமாட்டார். பீரியட் முடிந்ததும் அந்தப் புது வாத்தியாரைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற பசீர் அகமது டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். டீ வரும்வரை ஊர்க்கதை. டீயைக் குடித்து முடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலை எதிர்பார்க்கமாட்டார், எழுந்துவிடுவார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் புரள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டார். ஆரம்பத்தில் ஆசிரியர் அறையில் அவருக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர். தமிழ் வாத்தியார் சிவசுப்பிரமணியம் அவர் காதுபடவே, "சி.ஐ.டி. வராருங்க, எல்லாரும் சட்டைப் பட்டனைப் போட்டுக்குங்க" என்பாராம். அதனால் இன்னாசிமுத்து எல்லார் முன்னாலும் சத்தியம் செய்து கொடுத்தார். கடைசி பெஞ்சில் பார்த்தது கடைசி பெஞ்சோடு சரி. ஃபாதரிடமும் சொல்லமாட்டேன், பொண்டாட்டியிடமும் சொல்லமாட்டேன். கெட்டது மட்டுமல்ல, நல்லதும் சொல்லமாட்டேன். அந்த வாத்தியாரிடமே கூட, நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டார். ஏனென்றால் இன்றைக்கு நன்றாக இருந்தது என்று சொன்னால், நாளைக்கு அவர் பையன்கள் மூஞ்சியைப் பார்க்காமல் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவார் என்பார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெரிய ஃபாதருக்கு இது தெரியும். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு வாத்தியார் எப்படி என்று தெரிய வேண்டுமானால் அவரே வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய்க் கேட்டுக்கொள்வார்.

இப்படிப் பதினாலு வருஷம் ஓடியது. நடுங்கினவர்கள் நிமிர்ந்தார்கள். கத்தினவர்கள் குரலைத் தணித்தார்கள். இவர் குடையோடு உள்ளே வந்தால் இப்போது எந்த வாத்தியாரும் முகம் சுளிப்பதில்லை.

அறுபத்தெட்டு ஜூனில் தண்டாயுதபாணி சார் வந்து சேர்ந்தார். சாமளாபுரத்துக்காரர். நெசவாளிக் குடும்பம். அவர் குடும்பத்தில் பி.டி. என்கிற வாத்தியார் படிப்பு வரைக்கும் படித்தவர் அவர் ஒருவர்தான். நெற்றி நிறையத் திருநீறோடு ஃபாதரைப் பார்க்கப் போனவர், ஃபாதர் ஒன்றும் சொல்லாததால் தினமும் அப்படியே வந்தார். எங்களுக்குக் கணக்கு. முதல் ஒரு மாதம் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. போர்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு போர்டுக்கே பாடம் நடத்துவார். போர்டும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். பின்னால் நாங்கள் ஓணான் விளையாடிக்கொண்டிருப்போம்.

அந்தச் சமயத்தில்தான் குடை உள்ளே வந்தது.

முதல் நாள் டீக்கடையில் இன்னாசிமுத்து கேட்ட கேள்வி, இன்றைக்கு நாலாவது பெஞ்சில் யார் யார் வந்திருந்தார்கள் என்பதுதான். தண்டாயுதபாணி சாருக்குத் தெரியவில்லை. மறுநாள் திரும்பி நின்று எங்களைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்கு மீசை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் கேட்டாராம், தப்பாகப் போட்டவன் எந்த இடத்தில் வழி தவறினான் என்று. இந்தக் கேள்வி அந்த மனுஷனை அடியோடு மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு சரியாகப் போட்டவனை அவர் திரும்பியே பார்க்கமாட்டார். தப்பாகப் போட்டவன்தான் போர்டுக்கு வர வேண்டும். அதாவது நான்.

ஏ பிளஸ் பி மொத்தத்தின் வர்க்கம் என்றால் ஏ வர்க்கம், பி வர்க்கம், அவ்வளவுதான் என்று நான் போட்டிருந்தேன். அவர் திட்டவில்லை. போர்டில் ஏ பிளஸ் பி நீளத்துக்கு ஒரு சதுரம் போட்டு, இது ஒரு துணி என்றார். ஒரு மூலையில் ஏ அளவுக்கு ஒரு சதுரம், எதிர் மூலையில் பி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டச் சொன்னார். வெட்டினேன். ஓரத்தில் இரண்டு நீளத் துண்டு மிச்சம் நின்றது. "இந்த ரெண்டு துண்டையும் எங்கடா விட்டே, கண்ணு? கட்டிங் வேஸ்டுன்னு வித்துப்போட்டயா?" என்றார். வகுப்பே சிரித்தது. பனியன் கம்பெனி ஊரில் வேஸ்ட் துணியை யாரும் சும்மா விடுவதில்லை. அந்த இரண்டு துண்டும் இன்றுவரை என் மண்டையை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் இன்னாசிமுத்து குடையின் கைப்பிடியைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் ஈரமாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பொடி போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பொடி போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அன்றைக்கும் டீக்கடையில் அவர் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. வேறு ஏதோ ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்.

அந்த வருஷம்தான் பெரிய ஃபாதர் மாற்றலாகிப் போய், ஃபாதர் பெலிக்ஸ் ஹெட்மாஸ்டராக வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு மணி அடிக்க வேண்டும், வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும், கேட்டால் பதில் வர வேண்டும். அவ்வளவுதான் அவர். பிப்ரவரியில் ஒரு நாள் வராந்தா வழியாக வந்தவர் எங்கள் வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே போர்டில் ஒரு தப்புக் கணக்கு. பாதி வகுப்பு அது சரி என்று கத்துகிறது. பாதி வகுப்பு தப்பு என்று கத்துகிறது. தண்டாயுதபாணி சார் ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் சிரிக்கிறார். அப்படி விட்டால்தான் நாங்களே வழி கண்டுபிடிப்போம் என்று அவருக்குத் தெரியும். ஃபாதருக்கு எப்படித் தெரியும்? ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைசி பெஞ்சிலிருந்து இன்னாசிமுத்து இதைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

மார்ச்சில் ஃபாதர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். புது வாத்தியாருக்குத் தகுதிகாண் வருஷம் முடிகிறது, வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். பியூன் கருப்புசாமி வாசலில் நின்று கேட்டு, வெகுநாள் கழித்து ஒரு சொல் விடாமல் டீக்கடையில் வந்து சொன்னான்.

"வருஷம் பூரா அவர் கிளாஸ்ல நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்க. ஆள் எப்படி சார்? வெச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஃபாதர்.

"அதை நான் சொல்றதுக்கில்லைங்க ஃபாதர். நல்லதும் சொல்றதில்லை, கெட்டதும் சொல்றதில்லை. அப்பத்தான் அடுத்து வர்றவக என்னைய உள்ள விடுவாக" என்றிருக்கிறார் இவர். வருஷக்கணக்கில் ஊர்ப்பேச்சுக்குப் பழகியிருந்தாலும், மனசு தடுமாறினால் திண்டுக்கல் வந்துவிடும்.

ஃபாதர் விடவில்லை. ஒரு வார்த்தை போதும் என்றிருக்கிறார். வெறுமனே தலையை ஆட்டினால்கூடப் போதும் என்றிருக்கிறார். இவர் தலையும் ஆட்டவில்லை. நீங்களே ஒரு பீரியட் முழுக்க வந்து உட்கார்ந்து கேளுங்கள் ஃபாதர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பெரிய ஃபாதராக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பியிருப்பார். இந்த ஃபாதர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். பாவம், நல்ல மனுஷன், ஒரு இளவயசுக்காரனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் மழுப்புகிறார் என்று. எங்கள் ஊரில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தமோ, அந்த அர்த்தத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் லீவில், இனி வர வேண்டாம் என்று தண்டாயுதபாணி சார் வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது கணக்குக்கு வேறு ஆள் வந்திருந்தார். இன்னாசிமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நேராக ஃபாதர் அறைக்குப் போய், அவர் தங்கமான வாத்தியார், இந்தப் பதினைந்து வருஷத்தில் அப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை என்று கொட்டியிருக்கிறார். வாசல்வரை வந்துவிட்ட குரலைக் கேட்டு, பேசுவது இவர்தானா என்று கருப்புசாமி எட்டிப் பார்த்தானாம். ஃபாதர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"இதை மார்ச்சில சொல்லியிருந்தா என்ன சார்? நான் கெஞ்சாத குறையாக் கேட்டேனே."

புது ஆளுக்கு ஆர்டர் கொடுத்து, அது கல்வி ஆபீசுக்கும் போய்விட்டது. இனி ஃபாதராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கும் முகம் செத்துப்போய்விட்டது என்று கருப்புசாமி சொன்னான்.

இதெல்லாம் நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஒன்பதாவதோடு எனக்கும் படிப்புக்கும் இருந்த உறவு முறிந்து, ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமளாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று மங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் குடை. பக்கத்தில் அவர். சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்திருக்கிறார்.

"ஆத்தப்பா, தண்டாயுதபாணி சார் ஊடு உனக்குத் தெரியுமா?" என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். ஊர் முழுக்கத் தெரிந்த வீடு, காட்டுகிறேன் என்றேன். கணியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இவருடைய சிநேகிதர் ஹெட்மாஸ்டராக இருக்கிறாராம். கணக்குக்கு ஆள் வேண்டுமாம். இவர் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். நாளைக்கே வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். மங்கலம் தாண்டுகிறவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் ஃபாதர் வாசலில் நின்ற அன்றைக்கு எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார்.

வீட்டு வாசலிலேயே தறிச்சத்தம். உள்ளே புதிதாக நாலு விசைத்தறி போட்டிருந்தார்கள். தண்டாயுதபாணி சாரின் அம்மா மருதம்மாள் எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். மகனைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, வாத்தியார் இவ்வளவு தூரம் வந்ததற்கு உருகிப்போனார்.

"எங்க பையனுக்கு வாத்தியார் வேலை தோதுப்படலீங்க சாமி. பாடம் எடுக்க வரலயாட்ட இருக்குதுங்க. நீங்க பாவம் வருசம் பூரா பக்கத்துலயே உக்கோந்து பாத்தீங்களாமா. அவனுக்கு வாராததுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

ஒரு துளி கோபம் அதில் இல்லை. இருந்திருந்தால் இன்னாசிமுத்து தாங்கிக்கொண்டிருப்பார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படி இல்லைங்கம்மா, உங்கள் மகன் ரொம்ப நல்ல வாத்தியார் என்றார். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க பெரிய மனசுங்க, அப்படித்தானுங்க சொல்லுவீங்க" என்றார். இவர் மறுபடியும் சொன்னார். அந்தம்மா இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். வாடின பயிரைக்கூட நல்லா வந்திருக்குதுங்க என்றுதான் சொல்வோம். அதை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. என் பங்குக்கு நான் அந்த இரண்டு துணித்துண்டைப் பற்றிச் சொன்னேன். அந்தம்மா என் தலையைத் தடவி, "நல்லாப் படி, கண்ணு" என்றார். நான் பனியன் மடிக்கிறவன் என்று எப்படிச் சொல்வது?

தண்டாயுதபாணி சார் தலையில் பஞ்சு ஒட்டியபடி வந்தார். கணியூர் சமாசாரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்கும்போது ஒரு நொடி அவர் முகம் போர்டுக்கு முன்னால் நின்ற முகமாக மாறியது. நான் பார்த்தேன். அப்புறம், அப்பன் கடன் வாங்கித் தறி போட்டுவிட்டார், இனி முடியாதுங்க சார் என்றார். இன்னாசிமுத்து அப்பனிடம் நான் பேசுகிறேன் என்றார். வேண்டாமுங்க சார் என்றார் அவர். எங்களை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட வந்தார்.

புளியமரத்தடியில் நிற்கும்போது இன்னாசிமுத்து, "தம்பி, நெசமாத்தான் சொல்றேன். நான் பாத்ததுலயே நீங்கதான்" என்று ஆரம்பித்தார்.

தண்டாயுதபாணி சார் ரொம்ப மரியாதையாக, ஒரு கணக்கில் விட்டுப்போன படியைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். மார்ச்சில ஃபாதர் உங்களைக் கூப்பிட்டு, என்னைப் பத்திக் கேட்டாருங்களா?"

"கேட்டாரு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

இன்னாசிமுத்து குடையைக் கை மாற்றிப் பிடித்தார். "ஒண்ணும் சொல்லலை தம்பி. என்னோட முறை..."

"சரிங்க சார்" என்றார் அவர். பஸ் தூரத்தில் வருவதைப் பார்த்து, எங்களுக்காகக் கையை நீட்டி நிறுத்தினார். கண்டக்டரிடம், வாத்தியாருக்கு முன்னால் ஒரு நல்ல சீட்டாகப் பார்த்துக் கொடுங்க என்று சொன்னார். அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகாமலே நானும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் கிளம்பியதும் இன்னாசிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். தண்டாயுதபாணி சார் கும்பிட்டபடியே நின்றார். பிறகு திரும்பித் தறிச்சத்தம் கேட்கிற பக்கமாக நடந்து போனார்.